அங்கே இப்போது மணி ஆறு

எட்டு இருபது. அங்கே ஐந்து ஐம்பது. இரண்டரை மணி நேரத்தைக் கழித்தால் போதும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும், நான் இருபத்தாறு வருஷமாக மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் விரலை மடக்கித்தான் பார்க்கிறேன், தப்பாகக் கழித்திருக்கக் கூடாதா, அங்கே இன்னும் மணி மூன்றாக இருக்கக் கூடாதா, நேமா இன்னும் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாதா என்று. இல்லை, ஐந்து ஐம்பதுதான். இன்னும் பத்து நிமிஷத்தில் மாமா ரெஹேமா விடுதி வராந்தாவில் தொங்கும் இரும்புத் துண்டைத் தட்டுவாள், பதினேழு பிள்ளைகள் பல் துலக்கின வாயோடு வரிசையில் வந்து நிற்கும், ஆளுக்கு ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்த பதினேழு பிள்ளைகள். அந்த மாத்திரை இருக்கிறவரை அவர்களுக்கும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, ஓடும், சண்டை போடும், மாங்காய் திருடும். இதை இங்கிருந்து போன எங்கள் குழுவில் மற்றவர்களுக்கு விளக்கிச் சொன்னவளே நான்தான். இப்போது பாட்டு முடிந்து எல்லாரும் உட்காருகிறார்கள், நானும் உட்காருகிறேன், கோயில் நிறைந்து வழிகிறது, மிஷனெரி ஞாயிறு என்றால் வராதவர்களும் வந்துவிடுகிறார்கள், பக்கத்தில் கிளாடிஸ் அக்கா முழங்கையால் இடித்து, “டீச்சர், ஜெபம் முடிஞ்சதும் நீங்கதான். ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிடுங்க, தொண்டை அடச்சுக்கிடும்” என்கிறாள். நான் சாட்சி சொல்ல வேண்டும். தான்சானியாவில் பன்னிரண்டு நாள் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்து என் வாழ்க்கை எப்படி மாறியது என்று பத்து நிமிஷம் சொல்ல வேண்டும். எங்கள் போதகருடைய மனைவி ஐயரம்மா துண்டுத் தாளில் குறிப்புகூட எழுதிக் கொடுத்திருக்கிறாள், பயணம், பிள்ளைகள், அற்புதம், அழைப்பு என்று. அற்புதத்துக்கு அடியில் இரண்டு கோடு.

வாழ்க்கை மாறியது உண்மைதான், அதைக் கேலி செய்யும் தகுதி எனக்கு இல்லை. போகுமுன் எல்லாரும் சொன்னார்கள், ஆப்பிரிக்கா போய் வந்தவர்கள் ஆளே மாறிப்போவார்கள் என்று, நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன், நாற்பத்தொன்பது வயதில் என்ன மாறும், முட்டுவலி வேண்டுமானால் கூடும். கல்யாணம் வேண்டாம் என்று இருந்தவள், வேண்டாம் என்றேனா, வரவில்லை, வராததை வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொண்டேன், அம்மா போன பிறகு வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், விடைத்தாள் கட்டு. அங்கே போய் இறங்கினதும் மாமா ரெஹேமா என்று ஒரு பெண்ணைக் காட்டினார்கள், அங்கே மாமா என்றால் அம்மாவாம், எங்கள் பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள், அவள் பாவம், என்ன ஏது என்று தெரியாமல் கூடவே சிரித்தாள். பெரிய உடம்பு, சிறிய குரல், ஒன்பது வருஷமாக அந்த விடுதியை இழுத்துக்கொண்டு போகிறவள். முதல் நாளே நேமா வந்து என் முந்தானையைப் பிடித்துப் பார்த்தாள். பதினோரு வயது, ஏழு வயதுப் பிள்ளை அளவுதான் இருப்பாள், முன்பல்லில் ஒரு சந்து, வகுப்பில் முதலாவது. ஆங்கிலம் தெரிந்ததால் என்னிடம் ஒட்டிக்கொண்டாள். இந்தத் துணி எங்கே ஆரம்பிக்கிறது ஆன்ட்டி என்று கேட்டு என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள், நானும் சுற்றினேன், தலை கிறுகிறுத்து இரண்டு பேரும் புழுதியில் உட்கார்ந்துவிட்டோம். அப்படி நான் கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் தலை என் மடியில் இருக்கும்போது உச்சந்தலை வாசம் வரும், புகையும் சோப்பும் கலந்து, இதோ இப்போது கோயிலில் மல்லிகைக்கும் பவுடருக்கும் நடுவில் அந்த வாசம் வருகிறது, எங்கிருந்து வருகிறது. எட்டு இருபத்து மூன்று. அந்தப் பிள்ளையை நான் நேசித்தேன். அதனால்தான் இவ்வளவும் வந்தது, நேசிக்காதவளாக இருந்தால் சாக்லேட் கொடுத்துவிட்டு வந்திருப்பேன், ஒரு கேடும் வந்திருக்காது.

வாக்குத்தத்த அட்டை. அதை அங்கே கொண்டுபோனது என் யோசனை. இங்கே வருஷப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் வெள்ளைத் துணி விரித்த தாம்பாளத்தில் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள், கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும், அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று கொடுத்த வாக்கு. கைப்பையில் வைப்போம், பீரோக் கண்ணாடியில் செருகுவோம், பரீட்சைக்குப் போகிற பிள்ளை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகும். அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்று என்று தெரிந்த வருஷம் அவள் எடுத்த அட்டையில் நீடித்த நாட்கள் என்று வந்தது, கோயிலே கைதட்டியது, அன்றைக்கு நான் பார்த்தேன், அப்போதிருந்த ஐயரம்மா தாம்பாளத்தை அம்மாவுக்கு நேரே வந்ததும் மெல்லத் திருப்பினதையும், மேலாக ஓர் அட்டை துருத்திக்கொண்டு நின்றதையும். நோயாளிகளுக்கு நல்ல அட்டையைக் கைக்கு வாட்டமாக வைப்பது எங்கள் கோயிலில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை, பொய் என்றும் நினைப்பதில்லை, ஆண்டவருக்குக் கைலாகு கொடுக்கிறோம் என்கிற நினைப்பு. அம்மா ஆகஸ்டில் போய்விட்டாள். யாருக்கும் கோபம் வரவில்லை, எனக்கும் வரவில்லை, அடுத்த ஜனவரியில் நாங்கள் எல்லாரும் மறுபடி தாம்பாளத்துக்கு முன்னால் நின்றோம். ஏனென்றால் எங்களுக்கு அரைகுறையாய் நம்பத் தெரியும். அம்மா கையில் அட்டையும் இருந்தது, வாயில் மாத்திரையும் இருந்தது, கீமோவுக்கு ஒரு தடவைகூடத் தவறாமல் பஸ் ஏறினாள். அட்டை மனசுக்கு, மாத்திரை உடம்புக்கு, இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தாய்ப்பாலோடு வந்தது. நேமாவுக்கு அது எப்படித் தெரியும், அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள், நான் சொன்னேனா, சொல்லவில்லை. சுவாஹிலியில் முந்நூறு அட்டை அச்சடித்துக்கொண்டு போய்க் கடைசி நாள் தாம்பாளத்தை நீட்டினேன். இவளுக்கென்று ஓர் அட்டையைக் காலையிலேயே பொறுக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தேன், நீ சாகமாட்டாய், பிழைப்பாய் என்று வருகிற வசனம். ஆனால் அந்தக் கழுதை என் கைக்கு நேரே வராமல் மூலையிலிருந்து ஒன்றை உருவிவிட்டாள், பெரியவர்களுக்குக் கீழ்ப்படி என்று ஏதோ, முகம் தொங்கிப்போயிற்று. இதில் எழுத்து சரியாக விழவில்லை கண்ணு, இங்கே தா என்று வாங்கிக்கொண்டு, அடியிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்து என்னுடையதைக் கொடுத்தேன். வாசித்தாள். மறுபடி வாசித்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, இது எனக்கா, நிஜமாகவே எனக்கா என்று கேட்டாள். உனக்குத்தான், ஆண்டவர் உனக்கென்றே கொடுத்தார் என்றேன். எனக்குக் கண்ணீர் வந்தது, சந்தோஷத்தில்தான் வந்தது, யாரோ போட்டோகூட எடுத்தார்கள், அந்தப் படம்தான் இப்போது கோயில் வாசலில் பேனரில் இருக்கிறது, நாலுக்கு ஆறு.

வியாழக்கிழமை ஆசீர் அண்ணன் வந்தார். எங்களோடு வந்து, விடுதியில் தண்ணீர்க் குழாய் வேலைக்காக அங்கேயே தங்கினவர். பிள்ளைகள் எழுதின கடிதங்களைக் கட்டாகக் கொண்டுவந்தார், எல்லாவற்றிலும் யானைப் படம், நேமாவின் கடிதம் மட்டும் சோற்றால் ஒட்டியிருந்தது. பென்சில் எழுத்து, குண்டு குண்டாக. நான் சுகமாயிருக்கிறேன் ஆன்ட்டி, காய்ச்சல் இல்லை, ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது வந்தேன், நீங்கள் போன மறுநாளிலிருந்து மாத்திரையை நான் விழுங்குவதில்லை, நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து அப்புறம் வாழை மரத்தடியில் புதைத்துவிடுகிறேன், மாத்திரை தின்றால் அட்டையை நம்பவில்லை என்று ஆகிவிடும் அல்லவா, மாமா ரெஹேமாவுக்குச் சொல்லவேண்டாம், அவளுக்கு இன்னும் அவ்வளவு விசுவாசம் வரவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து அதை எத்தனை தடவை வாசித்தேனோ. நீங்கள் போன மறுநாளிலிருந்து. ஆறு வாரம். வைரஸ் செல்லுக்குள் நுழைகிற படத்தை நான் கரும்பலகையில் மூன்று வண்ணச் சாக்பீஸில் வரைவேன், மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி, பதுங்கியிருந்தது கிளம்பும், பெருகும், மருந்துக்கு அடங்காததாய் மாறவும் கூடும், முதலில் வெளியே ஒன்றும் தெரியாது, பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவது வரும். கடிதத்தைப் படித்த நிமிஷமே ரெஹேமாவுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போட்டேன், மணி அடிக்குமுன் கட் பண்ணிவிட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பிராக்டிகல், கரப்பான் பூச்சியை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன், சாயங்காலம் பேசுவோம் என்றேன். சாயங்காலம் அங்கே பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரம், தொந்தரவு செய்யக்கூடாது என்றேன். சனிக்கிழமை கோயிலில் அலங்காரம். பயம்தான், வேறென்ன, பெர்சிஸ் டீச்சர் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாள் என்று ஊர் சொல்லும், விடுதிக்காரர்கள் இனி எங்களை வாசலிலேயே சேர்க்கமாட்டார்கள் என்று பயம். பயம் மட்டும்தானா. பொய் சொல்லாதே பெர்சிஸ், கோயிலில் உட்கார்ந்திருக்கிறாய். அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது, சாக்கடைக் கல்லைப் புரட்டினால் நெளிகிற மாதிரி, ஒருவேளை நிஜமாக இருந்தால். ஒருவேளை நிஜமாகவே அவளுக்குச் சுகமாகியிருந்தால். என் கையிலிருந்த அட்டையை ஆண்டவர் எடுத்துக்கொண்டிருந்தால், கடைசியில் ஒரே ஒரு தடவை, அம்மாவுக்குச் செய்யாததை எனக்காக. ஒருநாள் பார்ப்போம், இன்னும் ஒரே ஒருநாள் பார்ப்போம் என்று மூன்று நாள் நான் ஒரு குழந்தையின் இரத்தத்தை வைத்துப் பரீட்சை பார்த்திருக்கிறேன். விலங்கியல் டீச்சர். இரண்டு மாத்திரை, இன்றையதோடு மூன்று, வாழை மரத்தடியில்.

எட்டு இருபத்தெட்டு. ஐயர் ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார், எல்லாத் தலையும் குனிகிறது, நானும் குனிகிறேன், என் செருப்பு தெரிகிறது, முன்வரிசைச் சின்னப் பிள்ளையின் கால் ஆடுகிறது, ஆடாதே, ஆடாதே, எழும்பு பெர்சிஸ், இந்த ஜெபம் முடிந்ததும் எழும்பி வெளியே போய்விடு, இல்லை, சாட்சி சொல்லிவிட்டுப் போ, பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடும், ஆறு வாரம் ஆகாததா பத்து நிமிஷத்தில் ஆகும், பார்த்தாயா, இப்படித்தான் மூன்று நாளும் பேசினாய். ஐயர் மழைக்காக ஜெபிக்கிறார், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக, ஆஸ்பத்திரியில் இருக்கும் ஞானசிகாமணி அண்ணாச்சிக்காக, பிறகு குரலை உயர்த்தி, தான்சானியா தேசத்திலே கொடிய வியாதியோடு பிறந்த நேமா என்கிற சிறு பெண்ணை மருந்து மாத்திரை இல்லாமலே பரிபூரண சுகமாக்கின தேவனே என்கிறார். மருந்து மாத்திரை இல்லாமலே. இது எப்படி இவருக்கு. கிளாடிஸ் அக்காதான், வெள்ளிக்கிழமை காய்கறிக் கடையில் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள், நான் அழாமல் இருப்பதற்காகச் சிரித்துக்கொண்டு, கடிதம் வந்திருக்கு, மாத்திரையே சாப்பிடலையாம், ஓட்டப் பந்தயத்துல ரெண்டாவது வந்தாளாம் என்று உளறினேன், அவள் அங்கேயே கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டு அல்லேலூயா என்றாள். இரண்டே நாளில் அது பரிபூரண சுகமாகி, ஜெபமாகி, ஒலிபெருக்கியில் வருகிறது. நன்றி ஆண்டவரே என்கிறார் ஐயர், நேமாவுக்காக நன்றி ஆண்டவரே, நானூறு பேர் பெருமூச்சு மாதிரி ஆமென் என்கிறார்கள், என் பக்கத்திலும் ஆமென் கேட்கிறது, கிளாடிஸ் அக்காவின் குரல் இல்லை அது, என்னுடையது, என் வாய், ஐம்பது வருஷப் பழக்கத்தில் என் வாய் தானாக ஆமென் சொல்லிவிட்டது. நான் எழும்பி நிற்கிறேன். இன்னும் ஜெபம் முடியவில்லை. கிளாடிஸ் அக்கா என் சேலையைப் பிடித்து, “என்ன டீச்சர், இன்னும் கூப்பிடலையே” என்கிறாள், நான் அவள் முழங்காலைத் தாண்டி, குடையைத் தட்டிவிட்டு, நடுப்பாதையில் தலை குனிந்திருக்கும் இத்தனை பேருக்கும் ஊடே செருப்புச் சத்தம் கேட்க நடக்கிறேன்.

வெளியே வெயில். பைக்குகளுக்கு நடுவில் நின்று எண்ணை அழுத்துகிறேன், விரல் நழுவுகிறது, மறுபடி, இந்தத் தடவை மணி அடிக்கிறது, ஐந்தாவது மணியில் ரெஹேமா எடுக்கிறாள். பின்னால் பிள்ளைகள் சத்தம், டம்ளர் சத்தம். ஆங்கிலத்தில்தான் பேசினோம், அவளுக்கும் எனக்கும் அது வாடகைச் சட்டை, எப்படிச் சொன்னேனோ, சொல்லிவிட்டேன், அட்டை, நாக்கு, வாழை மரம், எல்லாம். அவள் கத்துவாள் என்று நினைத்தேன்.

“உங்களுக்கு எப்போ தெரியும்?” என்றாள்.

“வியாழக்கிழமை.”

“இன்னைக்கு ஞாயிறு.”

“ஆமா.”

அவள் உடனே நேமாவைக் கூப்பிட்டாள். காலடி ஓடி வந்தது.

“ஆன்ட்டி! கோயில்லயா இருக்கீங்க? எல்லாரும் இருக்காங்களா?”

“நேமா, நான் சொல்றதக் கேளு. அந்த அட்டை நீ எடுத்தது இல்ல. உனக்கு வேற ஒண்ணு வந்துச்சு, நான்தான் அதை வாங்கிட்டு இதைக் குடுத்தேன். முன்னாடியே எடுத்து கையில வச்சிருந்தேன். ஆண்டவர் குடுக்கல, நான் குடுத்தேன். நீ மாத்திரையை விழுங்கணும்.”

ஒரு சேவல் கூவியது, அங்கேயா இங்கேயா தெரியவில்லை.

“ஆன்ட்டி, நீங்கதானே கதை சொன்னீங்க,” என்றாள், மெதுவாக, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. “நமக்குப் பிரியமானவங்களே வந்து நம்பாதேன்னு சொல்லுவாங்க, அப்போ கேக்கக் கூடாதுன்னு. பயப்படாதீங்க. நான் உங்களுக்காக ஜெபிக்கிறேன்.”

சொன்னேன். நாலாம் நாள், படம் ஒட்டி, ஆக்‌ஷனோடு, மூன்று தடவை திரும்பச் சொல்லவைத்து. நல்ல டீச்சர் நான், ஒரு தடவை நடத்தினால் பிள்ளைகள் மறக்காது. பைக் இருக்கையைப் பிடித்துக்கொண்டேன், அது சுட்டது, விடவில்லை.

“எனக்காக ஜெபிக்காதே. விழுங்கு. நேமா, மாத்திரை சாப்பிட்டா நீ வளருவே, டீச்சராவே, பாட்டியாவே. சாப்பிடலன்னா செத்துப்போவே. இது எனக்குத் தெரியும். இதைத்தான் நான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கேன். நீ செத்துப்போவே.”

இதைச் சொன்னது நான்தான். அவள் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு அந்த மூச்சு உடைந்தது. அவள் அழுது நான் கேட்டதே இல்லை, பன்னிரண்டு நாளில் ஒரு தடவைகூட. ரெஹேமா அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள், தண்ணீர் ஊற்றினாள், வாயைத் திறக்கச் சொல்லியிருப்பாள், இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை. கோயிலுக்குள் ஜெபம் முடிந்து என் பெயரைச் சொன்னார்கள். நமது அன்புச் சகோதரி பெர்சிஸ் அவர்கள். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி.

“விழுங்கிட்டா,” என்றாள் ரெஹேமா. “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், இரத்தம் பார்க்கணும். இந்த மாத்திரை இன்னும் வேலை செய்யுதான்னு அவங்கதான் சொல்லணும். நீங்க நாளைக்குக் காலையிலும் கூப்பிடணும், நாளன்னைக்கும் கூப்பிடணும். இப்போ சொன்னதையே சொல்லணும். நான் சொன்னா அவ நம்பமாட்டா.”

கூப்பிடுகிறேன் என்றேன். தினமும் கூப்பிடுகிறேன் என்றேன். போனை வைக்கப் போனாள், பிறகு என்னவோ இழுபறி கேட்டது, நேமா வாங்கிவிட்டாள் போலிருக்கிறது, மூக்கை உறிஞ்சினாள்.

“ஆன்ட்டி, இதை உங்க கோயில்ல சொல்லுவீங்களா?”

“சொல்லணும் கண்ணு. உள்ள கூப்பிடுறாங்க. உண்மையைச் சொல்லணும்.”

“நான் கடைசி வரைக்கும் நம்பலைன்னு அவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருமே,” என்றாள். “என் பேரை மட்டும் சொல்லாதீங்க, ஆன்ட்டி.”

சொல்லமாட்டேன் என்றேன். படியேறி உள்ளே போனேன், நானூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், முன்வரிசையில் யாரோ நேமா, நேமா என்று சின்னப் பிள்ளைகளுக்குக் கைதட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.